முகூர்த்த நாளில் ஒரு மறியல்

எங்கள் வீட்டில் ஒருத்தி கைது செய்கிறவள், இன்னொருத்தி கைதாகிறவள் என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கைது செய்கிறவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு ஸ்டேஷனில் போலீஸ். கைதாகிறவர் என் மாமியார். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டி மடிக்கிற கம்பெனியில் வேலை. குடியிருக்கிற மம்சாபுரத்தில் கட்சியின் மகளிர் அணி. கட்சி சாலை மறியல் என்று அறிவித்துவிட்டால் போதும், கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கட்சிக் கரை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்பே வாசலில் நிற்பார்.

"நீ முன்னால போயிருட்டி. நான் அடுத்த பஸ்ஸுல வாரேன். ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குனா பாக்கிறவன் என்ன நெனப்பான்?" என்பார்.

அப்படி இரண்டு மூன்று முறை நானே அவரைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றியிருக்கிறேன். "விடுங்க மேடம், நானே ஏறுதேன்" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வார். சாயங்காலம் அவரை விட்ட பிறகு ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் வீட்டுக்கு வருவோம். மண்டபத்தில் போட்ட சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அவர் என்னிடம் குறைபட்டுக்கொள்வார், ஏதோ நான் சமைத்தது போல.

எங்கள் பக்கம் மறியலுக்கு ஒரு நடைமுறை உண்டு. சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. கட்சிக்காரர்கள் வந்து ரோட்டில் உட்காருவார்கள், கோஷம் போடுவார்கள், நிற்கிற பஸ்கள் ஹாரன் அடிக்கும். நாங்கள் கொஞ்ச நேரம் பொறுத்திருப்போம். பிறகு அதிகாரி வந்து கைது என்று சொல்வார். அவர்களே வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வண்டியில் ஏறுவார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவோம். மத்தியானம் லெமன் சாதம். சாயங்காலம் பெயரெழுதிக்கொண்டு விட்டுவிடுவோம். மண்டபத்து ஃபேனுக்கு அடியில் கைதானவரும் கைது செய்தவரும் அடுத்தடுத்துப் படுத்துத் தூங்குவதும் நடக்கும்.

இதெல்லாம் நாடகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். கோபத்தோடு கிளம்பி வந்த மனிதனுக்கு அந்தக் கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். எங்கள் ஊரில் அது கல்யாண மண்டபம். அந்த இடம் ஒரு நாள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை.

அது வைகாசி மாதம். முந்தின நாள் சாயங்காலம் சென்னையில் கட்சித் தலைவரைக் கைது செய்திருந்தார்கள். மறுநாள் மாநிலம் முழுவதும் மறியல் என்று அறிவிப்பு வந்தது. வேறு ஏதோ ஊரில் போலீஸ் தடியால் அடிக்கிற வீடியோ ஒன்று விடிவதற்குள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. ஒரு பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறார்கள். என் மாமியார் அதைக் காலையில் என்னிடம் நீட்டினார்.

"இது எந்த ஊருட்டி?"

"தெரியல அத்தை."

"உங்க ஆளுகதானே?"

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று அவர் சிரிக்காமல் சேலை கட்டினார்.

என் கணவர் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தார். அவர் மில்லில் ஃபிட்டர், எந்தக் கட்சியும் கிடையாது. கூட வேலை பார்க்கிறவர் வீட்டுக் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. பத்திரிகை ஒரு வாரமாக டிவி மேல் கிடந்தது. சரிகைக் கரை வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, வண்டியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் வெயில்ல காயிங்க. ஒங்க பங்குக்கும் சேத்து நான் சாப்பிட்டுட்டு வாரேன்" என்றார்.

அன்று காலை நாள்காட்டித் தாளைக் கிழித்தது நான்தான். சுபமுகூர்த்தம் என்று அதில் அச்சடித்திருந்ததைப் பார்க்கவும் செய்தேன். பத்திரிகை டிவி மேல் இருக்கிறது, கணவர் கல்யாணத்துக்குக் கிளம்புகிறார், நான் கைது செய்து மண்டபத்தில் வைக்கப் போகிறேன். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க என் மண்டைக்குத் தோன்றவில்லை. ஸ்டேஷனில் யார் மண்டைக்கும் தோன்றவில்லை. மண்டபம் கேட்காமலேயே கிடைத்துக் கிடைத்து எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

பந்தோபஸ்துக்காக இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் போய் இறங்கியதுமே எனக்குப் பயம் வந்தது. வழக்கமாக வருகிற முகங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தன. பின்னால் நின்றவர்களை நான் பார்த்ததே இல்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் அந்த வீடியோ. கோஷம் போடுகிறவன் குரல் ஒரு மாதிரி இருக்கும், வெறுப்பில் கத்துகிறவன் குரல் வேறு மாதிரி. இத்தனை வருட வேலையில் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

எங்கள் டி.எஸ்.பி. வடக்கே ஒரு மாவட்டத்திலிருந்து அப்போதுதான் மாறுதலாகி வந்திருந்தார். சின்ன வயது. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் என்று தெரிந்தபோது எனக்கு இன்னும் அதிகமானது.

கைது எப்படியோ நடந்துவிட்டது. ஆண்களைப் பஸ்களில் ஏற்றினோம். பெண்களுக்கென்று ஒரு டூரிஸ்ட் வேனை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புத் திரை. இருபது இருபத்தைந்து பெண்கள் ஏறினார்கள். கூடப் போக நான் ஒருத்திதான் போலீஸ். என் மாமியார் ஏறும்போது, "விடுங்க மேடம்" என்றார், ஆனால் என் கையை அவர் விடவில்லை. இறுக்கிப் பிடித்து ஏறினார்.

அவர் பை கையில் இல்லாததை நான் அப்போது கவனிக்கவில்லை. பஞ்சுத் தூசியில் வேலை பார்த்துப் பார்த்து அவருக்கு வீசிங் உண்டு. மூச்சு முட்டினால் வாயில் வைத்து அடித்துக்கொள்கிற பம்ப்பும் போனும் எப்போதும் ஒரு துணிப்பையில் இருக்கும். அன்று கையை உயர்த்திக் கோஷம் போட வசதியாக இருக்கட்டும் என்று அதைத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தார். அந்தப் பெண் வண்டியில் ஏறவில்லை.

பெண்களை வெயிலில் காக்க வைக்க வேண்டாம், அவர்களை முதலில் மண்டபத்தில் விட்டுவிடலாம் என்று எங்கள் வேனை மட்டும் முன்னால் அனுப்பினார்கள். ஆண்கள் ஏறிய பஸ்கள் மார்க்கெட்டிலேயே நின்றன. நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

தென்காசி ரோட்டில் இருக்கிற வழக்கமான மண்டபத்துக்கு முன்னால் வேன் போய் நின்றபோது வாசலில் குலை தள்ளிய வாழைமரங்கள் கட்டியிருந்தன. உள்ளே நாதஸ்வரம். ஒரு பெரியவர் எங்களைக் கல்யாணத்துக்கு வந்த வேன் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். காக்கியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

வேனுக்குள் ஒரே சிரிப்பு. "இன்னிக்கு லெமன் சாதம் இல்ல, எல போட்டுச் சாப்பாடு" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது மண்டபத்திலும் வாழைமரம். அங்கே பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்றாவது மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

போனில் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார்: "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். வண்டியை அந்தப் பக்கம் விடச் சொல்லு."

"எந்த மண்டபம் சார்?"

"போய்க்கிட்டே இரு, சொல்லுதோம்."

வேன் மதுரை ரோட்டில் திரும்பி ஊரைத் தாண்டியது. அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். முன் சீட்டில் தளவாய்புரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தவள்.

"எங்கக்கா கூட்டிட்டுப் போறீங்க? எங்க ஊரு அந்தப் பக்கம்லா இருக்கு?"

"மண்டபத்துக்குத்தாம்மா."

"எந்த மண்டபம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று போலீஸ் சொல்லக் கூடாது என்றுதான் எங்களுக்குப் பழக்கம். "மேல சொல்வாங்க, பேசாம இருங்க" என்றேன். அவள் போனை எடுத்து, மார்க்கெட்டில் இருந்த தன் கணவரிடம், "எங்களை ஊருக்கு வெளிய எங்கயோ கொண்டு போறாங்க. எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காங்க" என்று அழுதாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வேனில் இருக்கிறவர்கள் போன் பேசுகிறார்கள், நிறுத்து என்று உடனே எனக்கு உத்தரவு வந்தது. எல்லாப் போனையும் அணைக்கச் சொன்னேன். அணைத்தார்கள். கொஞ்ச தூரத்தில் இரண்டு பைக்குகள் எங்களை ஒட்டி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு முன்னால் பறந்தன. திரையை மூடு என்று அடுத்த உத்தரவு. மூடினோம். பேசுகிற போனும் இல்லாமல், முகமும் தெரியாமல், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போகிறது. மார்க்கெட்டில் காய்ந்துகொண்டிருந்த அந்த ஆண்களுக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தலைமுடியைப் பிடித்து இழுத்த வீடியோ வேறு எல்லார் கண்ணுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மில் கேட்டுக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே பைக்குகளைப் போட்டு மறித்தார்கள். வேன் நின்றது. முன்னால் இருபது பேர் இருந்தார்கள், மார்க்கெட்டில் பஸ்ஸில் ஏறாமல் நின்ற ஆண்களும் செய்தி கேட்டு ஓடி வந்த வீட்டு ஆட்களும். நான் போனில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அது ஐம்பது ஆனது, பிறகு எண்ண முடியாத கூட்டமானது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வண்டி என்னுது இல்லக்கா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றார். சாவியை உருவினார், தன் பக்கக் கதவைத் திறந்து குதித்தார், மில் சுவரோரமாக ஓடிவிட்டார். அந்தக் கதவை எட்டிச் சாத்திப் பூட்டினேன். ஏ.சி. நின்றுபோனது.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேனைச் சுற்றிக் கைகள் அடித்தன. உள்ளே இருக்கிறவர்களைக் காப்பாற்றத்தான் அடிக்கிறார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் தகரத்தில் அடி விழும்போது அது யாருக்காக விழுகிறது என்று உடம்புக்குத் தெரிவதில்லை. காக்கி போட்டவள் உள்ளே நான் ஒருத்தி. கதவு திறந்தால் முதலில் இழுபடப் போகிறவளும் நான்தான். வேனில் இருந்த பெண்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள், பாதி இரக்கமாக, பாதி வெறுப்பாக.

"கதவத் தொறந்து விட்ருங்கக்கா. எங்க ஆளுகதான். நாங்க சொல்லிக்கிடுதோம்" என்று தளவாய்புரத்துப் பெண் கெஞ்சினாள்.

"திறக்கக் கூடாது. ஒப்படைக்கிற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"மூச்சு முட்டுதுக்கா."

"கொஞ்சம் பொறுங்க."

முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வண்டிகள் வந்து நின்றிருந்தன. ஹெல்மெட்டும் ஷீல்டுமாக ஆட்கள் இறங்கி வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். டி.எஸ்.பி. கையில் மைக். "சட்டவிரோதமாகக் கூடியிருக்கிறீர்கள், கலைந்து செல்லுங்கள்" என்ற குரல் அரைகுறையாகக் கேட்டது. அதற்கு அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் சொல்லித் தந்ததுதானே. தடியடி தொடங்கினால் அந்தக் கூட்டம் எங்கள் பக்கம்தான் ஓடி வரும். ரோட்டோரம் முழுவதும் ஜல்லி கொட்டிக் கிடந்தது.

அப்போதுதான் ஜன்னல் ஒன்று உடைந்தது. கண்ணாடித் தூள் பெண்களின் மடியில் கொட்டியது. ஏதோ ஒன்று திரையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு கை, முழங்கை வரை, உடைந்த கண்ணாடி வழியாக நுழைந்து திரையைப் பிடித்து இழுத்தது. பெண்கள் அலறினார்கள். நான் எதையும் யோசிக்கவில்லை. கையிலிருந்த லத்தியால் என் பலம் முழுவதையும் சேர்த்து அந்தக் கையின் மணிக்கட்டில் அடித்தேன். வெளியே ஒரு கத்தல். கை கண்ணாடியில் கிழித்துக்கொண்டு வெளியே போனது. திரையில் ரத்தம்.

கீழே பார்த்தேன். விழுந்தது கல் இல்லை. முடிச்சுப் போட்ட மஞ்சள் தாம்பூலப் பை. முடிச்சு அவிழ்ந்து தேங்காய் உருண்டு சீட்டுக்கு அடியில் போயிருந்தது. வெற்றிலையும் வாழைப்பழமும் சிதறிக் கிடந்தன. பையில் மணமக்கள் பெயர் அச்சடித்திருந்தது. ஒரு வாரமாக எங்கள் வீட்டு டிவி மேல் கிடந்த பத்திரிகையில் இருந்த அதே இரண்டு பெயர்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு எத்தனையோ பேர் போயிருப்பார்கள். ஆனால் நானும் என் மாமியாரும் அந்தப் பையைப் பார்த்தோம், பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேர் மனதிலும் வேறு ஆள் வரவில்லை.

"அவன்தாண்டி" என்றார் மாமியார். சொல்லும்போதே அவருக்கு மூச்சு இழுத்தது. அதற்கு முன்பே தொடங்கியிருந்திருக்கிறது, சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. விசில் அடிப்பது போல நெஞ்சிலிருந்து ஒரு சத்தம். இடுப்பைத் தடவினார், சீட்டைத் தடவினார். "பை... பையக் கொண்டாரல" என்றார். உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

உள்ளே இவர். வெளியே அவர் மகன், நான் அடித்த கையோடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் ஆட்கள் அவர் மேல் பாயப் போகிறார்கள். எனக்கு அழுகை வந்தது. டி.எஸ்.பி.க்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும்?

"எல்லாரும் திரையை விலக்குங்க" என்று கத்தினேன். "கண்ணாடியத் திறங்க. மொகத்தைக் காட்டுங்க. ஒங்க ஆளுகளக் கூப்பிடுங்க!"

அவர்கள் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, இன்னார் அப்பா, இன்னார் அப்பா என்று ஜன்னல் ஜன்னலாகக் கத்தினார்கள். இருபது வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் அந்த ரோட்டில் கேட்டன. தகரத்தில் விழுந்துகொண்டிருந்த அடி குறைந்தது. நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து படியில் நின்றேன். முதல் அடி எங்கே விழும் என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது என் கணவர் எனக்கு நேர் எதிரே நின்றிருந்தார். நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனம் வியர்வையில் வழிந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம். இடது கையில் ஒரு ஜல்லிக்கல், எறிவதற்கு ஓங்கிய நிலையிலேயே இருந்தது. நாங்கள் பத்து வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம், அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அவரும் என்னை அடையாளம் தெரியாமல்தான் பார்த்தார். அவர் பார்த்தது காக்கிச் சட்டையை மட்டும்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு மாமியார் படியில் இறங்கினார். "ஏலே" என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்தார். "கல்லைக் கீழ போடு... பம்பு... பம்பு வாங்கிட்டு வாலே..."

கல் விழுந்தது. என் கணவரின் முகம் மறுபடி அவர் முகமானது. "அம்மாவுக்கு மூச்சு முட்டுது, வழி விடுங்க, மெடிக்கலுக்குப் போகணும்" என்று கத்தினார். ஒரு பையன் பைக்கை ஸ்டார்ட் செய்தான். இவர் பின்னால் ஏறிக்கொண்டார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது.

அந்த வழி நேராக டி.எஸ்.பி. நின்ற இடத்தில்தான் முடிந்தது. மைக் அவர் வாய்க்கு அருகில் இருந்தது. உத்தரவு வந்துவிட்டது என்றே நினைத்தேன். பின்னால் இருந்தவர்கள் லத்தியை உயர்த்திவிட்டார்கள். பைக் அவரைத் தாண்டிப் போனது. ரோட்டில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிற கிழவியையும், அவரைச் சுற்றி இறங்கி உட்காரத் தொடங்கிய பெண்களையும் டி.எஸ்.பி. பார்த்தார். கையைப் பின்னால் நீட்டி, இறக்கு என்பது போலக் காட்டினார். லத்திகள் இறங்கின. பிறகு மைக்கில் பேசினார். அது உத்தரவுத் தமிழாக இல்லை, வீட்டில் பேசுகிற தமிழாக இருந்தது.

"மண்டபம் கிடைக்கலைங்க. எல்லா மண்டபத்துலயும் கல்யாணம் நடக்குது. அதனாலதான் ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டு போகச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும். சொல்லாம விட்டது எங்க தப்பு."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "முகூர்த்த நாள்ல எவனாவது அரெஸ்ட் பண்ணுவானாய்யா?"

யாரோ சிரித்தார்கள். பத்துப் பேர் சிரித்தார்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை, எல்லோரும் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாமியாரின் முதுகைத் தடவிக்கொண்டே அந்தப் பைக் எப்போது திரும்பும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பி வந்து, அவர் பம்ப்பை இரண்டு முறை இழுத்து, உதட்டின் நிறம் மெல்லத் திரும்பிய பிறகுதான் நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

அன்று எல்லோரையும் அந்த மில்லின் சைக்கிள் ஷெட்டில் வைத்திருந்து சாயங்காலம் விட்டோம். பஸ்களில் இருந்த ஆண்களையும் அங்கேயே கொண்டு வந்தார்கள். வேன் கண்ணாடியைக் கட்சிக்காரர்களே மாற்றிக் கொடுத்துவிட்டதால் அது வழக்காகவில்லை. டி.எஸ்.பி. அதற்குப் பிறகு எந்த மறியலிலும் முதலில் மைக்கை எடுத்து, எத்தனை வண்டி, எங்கே போகிறது, எத்தனை மணிக்கு விடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் செய்தார். கூட்டத்தைக் கையாள எங்களுக்கு ஷீல்டு தருகிறார்கள், ஹெல்மெட் தருகிறார்கள். எங்கே கூட்டிப் போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் பாதிக் கல் தரையிலேயே கிடக்கும் என்பது என் எண்ணம். கேட்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்கிறேன். சொல்லும்போது பெரிய அனுபவசாலி போலத்தான் இருக்கும். ஆனால் இன்றும் ஜன்னலில் சிவப்புத் திரை போட்ட வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மறுநாள் காலை மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். என் கணவரின் கையில் தையல் போட்டிருந்தார்கள். மணிக்கட்டு வீங்கி, லத்தி விழுந்த இடம் கறுத்திருந்தது. மாமியார் கம்பெனியிலிருந்து கொண்டு வந்த துணியை வெட்டிக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நான் டீயைக் கொண்டுவந்து வைத்தேன். என் போனில் அவருடைய அழைப்புகள் வரிசையாக, எடுக்கப்படாமல் இருந்ததை முந்தின நாளே பார்த்திருந்தேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தவரிடம் யாரோ, பெண்களைப் போலீஸ் எங்கேயோ கடத்திக் கொண்டு போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கும் எனக்கும் மாறி மாறிப் போன் போட்டிருக்கிறார். இலையை மூடாமல் எழுந்து, வாசலில் கையில் திணித்த தாம்பூலப் பையோடு வந்திருக்கிறார்.

"நீ அந்த வேன்ல இருக்கன்னு தெரிஞ்சிருந்தா எறிஞ்சிருப்பனா?" என்றார். முந்தின நாளிலிருந்து எத்தனையாவது முறையோ.

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா மட்டும் நான் அடிச்சிருப்பேனா?" என்றேன்.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் கொஞ்சம் ஆறுதலாக உணர்ந்தோம் என்றுதான் நினைக்கிறேன். அவர் டீயை எடுத்தார்.

மாமியார் கட்டைச் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அப்ப வேற யாராவது இருந்திருந்தா ஒங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. அப்படித்தானே?"

என் கணவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "இந்த நுனியப் புடிட்டி" என்றார் மாமியார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் முடிச்சுப் போட்டார்.